கேட்டுல நியூட்ரல் போட்டா பேட்டரி இறங்குது: ஹைப்ரிட் வண்டி சந்தேகங்கள்

டோல்கேட்_ரைடர்:

வணக்கம். வண்டி டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற கார்), செகண்ட் ஹேண்ட். ஓட்டப்போறது பெரும்பாலும் அப்பா. இத்தனை வருஷமும் கியர் வண்டிதான் ஓட்டியிருக்கார். ரூட்டு திருவொற்றியூர் – கொருக்குப்பேட்டை – மூலக்கடை. நடுவுல ரயில்வே கேட், கன்டெய்னர் லாரி வரிசை, எல்லாம் உண்டு.

கேட் மூடியிருந்தா பழக்க தோஷத்துல என்-ல (நியூட்ரல்) போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, ஏசியை ஓட விடறார். பத்து நிமிஷத்துல பேட்டரி கட்டை ஒவ்வொண்ணா இறங்கி, மீட்டர்ல எச்சரிக்கை வருது. பேட்டரி போயிடுச்சா? அடுத்தது, லீவர்ல டி-க்கு (டிரைவ், சாதாரணமா ஓட்டுற நிலை) கீழே இருக்கிற பி எதுக்கு? அதுலயே ஓட்டினா சார்ஜ் நிறைய ஏறும்னு விற்றவர் சொன்னார். மூணாவது, பேட்டரியில மட்டும் ஓட வைக்கிற ஈவி பட்டனை அமுக்கினா காலையில ஒத்துக்கவே மாட்டேங்குது. பிரேக்கும் குழியில ஒரு கணம் வழுக்கின மாதிரி இருக்கு. எதெல்லாம் கோளாறு, எதெல்லாம் இயல்பு?

ஸ்பேனர்_ராயபுரம்:

முதல்ல ஒரு விஷயம். தமிழ்ல எழுதினா பார்க்கிங்கும் பி, பிரேக்கிங்கும் பி. அதனால நான் பார்க், பிரேக்-பின்னு பிரிச்சு எழுதறேன். அப்பாவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லும்போதும் அப்படியே சொல்லுங்க. "பி போடு"ன்னா அவர் எதைப் போடுவார்னு யாருக்கும் தெரியாது.

பேட்டரி போகல. என்-ல இருந்தா இந்த சிஸ்டம் சார்ஜே பண்ணாது, அவ்வளவுதான். இஞ்சின், ஜெனரேட்டர் மோட்டார், ஓட்டுற மோட்டார் மூணும் பிளானட்டரி கியர்னு ஒரே பல்சக்கரத் தொகுதியில கோர்த்திருக்கு. என் போட்டா ரெண்டு மோட்டாருக்கும் கரன்ட் வேலை கட். ஜெனரேட்டர் வேலை செய்யலன்னா சார்ஜ் எங்கிருந்து வரும்? ஆனா ஏசி கம்ப்ரசர் பெல்ட்ல ஓடறதில்ல, அதே பெரிய பேட்டரியிலதான் ஓடுது. செலவு மட்டும் நடக்குது, வரவு இல்ல.

கணக்கும் சின்னதுதான். இந்த வண்டி பேட்டரி 0.76 கிலோவாட் மணி, அதாவது 0.76 யூனிட். அதுலயும் கம்ப்யூட்டர் சுமார் 40-லிருந்து 80 சதவீதத்துக்குள்ளதான் விளையாடும். ஆக கையில இருக்கிறது 0.3 யூனிட் சொச்சம். சித்திரை வெயில்ல ஏசி ஒரு கிலோவாட்டுக்கு மேல இழுத்தா கால் மணி நேரம் தாங்கினாலே பெரிசு. ரொம்ப இறங்கிட்டா இஞ்சினைச் சுத்தி எழுப்பவே சக்தி இருக்காது, ஏன்னா தனியா ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. அந்த நிலைக்குப் போனா வீட்டுல ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால கேட்ல பார்க் போடுங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, ரெடி விளக்கு எரியட்டும், ஏசி ஓடட்டும். பேட்டரி இறங்கினா இஞ்சின் தானா எழும், ரெண்டு மூணு நிமிஷம் ஓடி ஏத்திட்டு தானா நிக்கும். சிக்னல்ல 60 விநாடிக்கெல்லாம் எதுவும் மாத்த வேணாம். டி-லயே பிரேக் மிதிச்சுட்டு நிக்கலாம். கிளட்ச் எதுவும் தேயப்போறதில்ல.

இதுல அப்பா மனசுல பதிய வேண்டியது ரெடி விளக்கு. கியர் வண்டில இஞ்சின் சத்தம் நின்னா வண்டி நின்னுது. இதுல அப்படி இல்ல. பச்சை ரெடி எரியுதுன்னா வண்டி உயிரோட இருக்கு, டி-ல இருந்தா பிரேக்கை விட்டதும் சத்தமில்லாம நகரும். பெட்ரோல் பங்க்ல "ஆஃப்லதான இருக்கு"ன்னு டி-ல விட்டு இறங்குறது இந்த வண்டிகள்ல அடிக்கடி நடக்கிற தப்பு. பார்க், ஹேண்ட் பிரேக், பவர் பட்டன், மீட்டர் முழுசா அணைஞ்சதைப் பார்த்து அப்புறம் கதவு. இந்த வரிசை மாறக்கூடாது.

இன்னொரு பக்கம், பிரேக் மிதிக்காம பட்டனை அமுக்கினா லைட், பாட்டு எல்லாம் வரும், ரெடி வராது. அப்படியே உட்கார்ந்து பாட்டுக் கேட்டா சின்ன 12 வோல்ட் பேட்டரி தீரும். மறுநாள் கதவே திறக்காது.

மாதவரம்_மீட்டர்:

பிரேக்-பி பற்றி விற்றவர் சொன்னது நேர் தலைகீழ். அதில் போட்டால் ஜெனரேட்டர் மோட்டார், பெட்ரோல் ஊற்றாமலே இஞ்சினைப் பிடித்துச் சுழற்றும். இஞ்சின் காற்றை அமுக்கி அமுக்கி வேகத்தைத் தின்னும். பேட்டரிக்குப் போயிருக்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. நகருக்குள் டி-யில் வைத்து, தூரத்திலேயே காலை எடுத்து, பிரேக்கை மெல்லத் தொட்டுப் பிடிப்பதுதான் அதிகம் சேமிக்கும். மீட்டரில் முள் சார்ஜ் பகுதிக்குள்ளேயே நிற்கிறதா என்று பாருங்கள். அந்த எல்லையைத் தாண்டி மிதிக்கும்போது சாதாரண டிஸ்க் பிரேக் வேலைக்கு வருகிறது என்று பொருள்.

பிரேக்-பி தேவைப்படும் இடம் நீண்ட இறக்கம். மூலக்கடை மேம்பாலம் இறக்கமே அல்ல. திருமலையிலிருந்து இறங்கும் மலைப்பாதைதான் சரியான உதாரணம். சில கிலோமீட்டரிலேயே பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு பிரேக் மிதித்தாலும் சேமிக்க இடமில்லை, முழுச் சுமையும் டிஸ்க்கில் விழும். அப்போது பிரேக்-பி போட்டால் டிஸ்க் அதிகம் சூடாகாது. இஞ்சின் இரைச்சல் கூடும், அது இயல்பு. ஒரு எச்சரிக்கை: பிரேக்-பியில் வண்டி தானாக வேகம் குறையும்போது பின் பிரேக் விளக்கு எரியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் பின்னால் நாற்பதடி டிரெய்லர் ஒட்டிக்கொண்டு வரும்போது இது விளையாட்டல்ல. காலால் லேசாக பெடலைத் தொட்டு விளக்கைக் காட்டிவிடுங்கள்.

ஈவி பட்டன்: காலையில் மறுப்பது இயல்பு. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சூடாகும்வரை சிறிது நேரம் இஞ்சின் ஓடியே தீரும். பேட்டரி குறைவாக இருந்தாலும், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாலும், வேகம் கூடினாலும் ஈவி விலகிவிடும். அந்தப் பட்டனால் மைலேஜ் கூடாது. பேட்டரியில் செலவழித்ததை இஞ்சின் பிறகு பெட்ரோல் எரித்துத்தான் நிரப்பப்போகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு சந்துக்குள் சத்தமில்லாமல் வண்டியை நிறுத்த உதவும், அவ்வளவே.

குழியில் பிரேக் வழுக்குவது: மெல்ல மிதிக்கும்போது நிறுத்துவதில் பெரும்பங்கு மோட்டாருடையது. முன் சக்கரம் குழியில் துள்ளித் தரையை விட்டால், வழுக்குவதாக நினைத்து கம்ப்யூட்டர் மோட்டார் பிடிப்பைச் சட்டென்று விட்டு, ஆயிலில் இயங்கும் சாதாரண டிஸ்க் பிரேக்குக்கு மாற்றுகிறது. அந்த மாறும் கணத்தில் பிடி நழுவியது போல் காலுக்குத் தெரியும். வண்டி விட்டுவிடாது. பெடலை எடுத்து மறுபடி மிதிக்காமல், இருக்கும் இடத்திலிருந்தே இன்னும் அழுத்துங்கள். பம்ப் செய்வது பழைய வண்டிப் பழக்கம், அப்பாவிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். ஆனால் மழமழப்பான நேர்ச் சாலையிலும் அப்படி நழுவினால், அல்லது மஞ்சள் விளக்கு எரிந்தால், அது வேறு. சர்வீஸில் ஸ்கேன் செய்தாக வேண்டும்.

டோல்கேட்_ரைடர்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். நேத்தே பார்க் போட்டுப் பார்த்தாச்சு, நாலு நிமிஷத்துல இஞ்சின் தானா எழுந்துச்சு. அடுத்த பயம் மழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்துல தண்ணி நின்னா, பெரிய பேட்டரியில ஷாக் அடிக்குமா? நின்னுட்டா கயிறு கட்டி இழுக்கலாமா?

ஸ்பேனர்_ராயபுரம்:

ஷாக் பயம் பெருசா வேணாம். அந்த உயர் வோல்ட் சர்க்யூட் ரெண்டு முனையும் பாடியைத் தொடாம தனியா நிக்குது. 12 வோல்ட் மாதிரி நெகட்டிவை பாடியில அடிக்கல. கசிவு இருந்தா கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு எச்சரிக்கை போடும். ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிஞ்சாலும் கை வைக்காதீங்க, அது ஒண்ணு போதும்.

பயப்பட வேண்டியது இஞ்சினுக்கு. சாதா வண்டியைத் தண்ணியில ஒரே ரெவ்ல பிடிச்சு ஓட்டிடுவாங்க, புகை வெளியே தள்ளிட்டே இருக்கும். இதுல இஞ்சின் எப்போ நிக்கும், எப்போ எழும்னு உங்க கையில இல்ல. சைலன்சர் வாய் மூழ்கியிருக்கும்போது இஞ்சின் நின்னா தண்ணியைத் தள்ள ஆள் இல்ல. நடுத் தண்ணியில திடீர்னு எழுந்தா, இஞ்சின் காத்து இழுக்கிற இன்டேக் வாய் மட்டத்துல தண்ணி இருந்தா நேரா உள்ள இழுக்கும். தண்ணி அமுங்காது, பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராட் வளையும். "சத்தமே இல்லாம போகுதே, எலக்ட்ரிக் வண்டி மாதிரி தாண்டிடலாம்"னு நினைக்கிறதுதான் தப்பு. டயர்ல பாதி, அதாவது வீல் நடு போல்ட் மட்டத்துக்கு மேல தண்ணின்னா திரும்பிடுங்க. முன்னாடி போற பஸ் எழுப்புற அலையையும் அதுல சேர்த்துக்கோங்க.

நின்னுட்டா பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி ரெடியை அணைச்சுட்டு இறங்கி ஓரமா வாங்க. மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. இன்ஷூரன்ஸ்ல இஞ்சின் பாதுகாப்பு தனி ஆட்-ஆன், அது இருக்கான்னு இன்னைக்கே பாலிசியைப் பாருங்க. தண்ணியில நின்ன வண்டியைத் திரும்பக் கிளப்பினதால வந்த சேதம்னா, ஆட்-ஆன் இல்லாம காசு வாங்குறது கஷ்டம்.

கயிறு கூடவே கூடாது. முன் சக்கரம் சுத்தினா மோட்டார் சுத்தும், மோட்டார் சுத்தினா அது கரன்ட் உண்டாக்கும், வண்டி அணைஞ்சிருந்தாலும் உண்டாக்கும். முழு வண்டியும் ஏறுற மேடை லாரி கேளுங்க. கிடைக்கலன்னா முன் ரெண்டு சக்கரமும் தூக்கினபடி இழுக்கணும். டோ வண்டிக்காரர் அவசரத்துல பின்பக்கம் தூக்கப் பார்ப்பார், நீங்கதான் தடுக்கணும்.

கடலோரத்_துரு:

யாரும் சொல்லாத ஒண்ணு. மோட்டாரே நிறுத்திடறதால இந்த வண்டிகள்ல டிஸ்க் தேயறதே இல்ல, பதிலா துருப்பிடிக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக்காத்து. ரெண்டு நாள் நின்னாலே டிஸ்க்ல செம்மண் பூசின மாதிரி இருக்கும். மேல் துரு ரெண்டு மிதியில போயிடும். காலிப்பர் (பிரேக் பேட்டை டிஸ்க்ல அழுத்துற பாகம்) நகர்ற இரும்புப் பின் இறுகிட்டா ஒரு பக்க பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதனால பேட் தடிமன் நல்லா இருந்தாலும் வருஷம் ஒரு தடவை காலிப்பரைக் கழட்டி, அந்தப் பின்னுக்கு கிரீஸ் வைக்கச் சொல்லுங்க. "பேட் புதுசு மாதிரி இருக்கு சார்"னு மூடி அனுப்புவாங்க, விடாதீங்க.

டிஸ்க்கைச் சுத்தம் பண்ண சுலப வழி: 40-ல போகும்போது என்-க்குத் தட்டிட்டு பிரேக் மிதிங்க. என்-ல மோட்டார் பிடிக்காது, முழுக்க டிஸ்க்தான் வேலை செய்யும்.

அப்புறம், பெரிய பேட்டரிக்குக் குளிர்காத்து போற ஜன்னல் பின்சீட் பக்கம் கேபினுக்குள்ள இருக்கும், சரியான இடம் மேனுவல்ல படத்தோட இருக்கு. அதுமேல பை, துண்டு, அரிசி மூட்டை எதுவும் சாய்க்கக் கூடாது. மணலி பக்கத் தூசிக்கு மாசம் ஒரு தடவை வாக்யூம் போடுங்க. அடைச்சா பேட்டரி சூடாகி, ஃபேன் அலறும், ஈவி ஓட்டம் குறையும், மைலேஜ் விழும். ஹைப்ரிட் பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், முதல் விற்பனைத் தேதியிலிருந்து. செகண்ட் ஹேண்ட்னா அந்தத் தேதியையும் சர்வீஸ் ஹிஸ்டரியையும் கையில வாங்கி வைங்க.

மாதவரம்_மீட்டர்:

கடலோரத்_துரு சொல்வது சரி, ஆனால் என்-க்குத் தட்டும் வேலை அப்பாவுக்கு வேண்டாம். ஓடும்போது லீவரைத் தொடும் பழக்கம் வந்தால் ஒருநாள் கை தவறும். காலிச் சாலையில், பின்னால் ஆளில்லாதபோது, டி-யிலேயே 50-லிருந்து நாலைந்து முறை நன்றாக அழுத்தி நிறுத்தினாலே டிஸ்க் வேலைக்கு வந்துவிடும்.

கடலோரத்_துரு:

ஒத்துக்கறேன். கேரேஜ்காரங்க பண்றதை அப்படியே எழுதிட்டேன்.

டோல்கேட்_ரைடர்:

கடைசியா ஒண்ணு. ஒரு நாள் சாவி வண்டியைக் கண்டுபிடிக்கல, கதவு திறக்கல. ஓடும்போது அவசரமா அணைக்கணும்னா எப்படி?

ஸ்பேனர்_ராயபுரம்:

சாவிக்குள்ள பேட்டரி தீர்ந்திருக்கும். ரிமோட்டுக்குள்ள ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கு, சின்ன பூட்டைத் தள்ளினா வெளிய வரும். அதால ஓட்டுநர் கதவைத் திறங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ரிமோட்டை பவர் பட்டன்மேல ஒட்டி வச்சு, பட்டனை அமுக்குங்க. ரெடி வரும். கடையில சாவியைக் காட்டி அதே நம்பர் போட்ட காசு வடிவ பேட்டரி ஒண்ணு வாங்கி மாத்துங்க.

சாவி பேட்டரி நல்லா இருந்தும் எல்லாம் செத்துக் கிடந்தா 12 வோல்ட்தான். ஓய்வுல 12.6 இருக்கணும், 12-க்குக் கீழேன்னா தீர்ந்தது. ஜம்ப் ஒயர்ல எழுப்பிடலாம், ஏன்னா இதுக்கு இஞ்சின் சுத்துற அளவு கரன்ட் வேணாம், கம்ப்யூட்டரும் ரிலேயும் முழிச்சா போதும். ஆனா பக்கத்து டாடா ஏஸுக்கு உங்க வண்டியிலிருந்து ஜம்ப் குடுக்காதீங்க. டீசல் ஸ்டார்ட்டர் இழுக்குற கரன்ட்டுக்கு பெரிய பேட்டரி கரன்ட்டை 12 வோல்ட்டா மாத்துற கன்வெர்ட்டர், ஃபியூஸ் எதுவும் தாங்காது.

ஓடும்போது அவசரம்னா, ஆக்சிலரேட்டர் மாட்டிக்கிச்சுன்னு வைங்க: முதல்ல ரெண்டு காலாலயும் பிரேக், அப்புறம் என், ஓரம் கட்டி நின்னதும் பவர் பட்டன். என் விழவே இல்லன்னாதான் பட்டனை 2-3 விநாடி விடாம அமுக்கிப் பிடிக்கணும். அணைஞ்சதும் ஸ்டியரிங் இறுகும், பிரேக்கும் கனக்கும், அதைச் சொல்லி வைங்க. ஸ்டில்ட் பார்க்கிங்ல மூடின ஷட்டருக்குள்ள ரெடியோட விட்டு மாடிக்குப் போயிடாதீங்க. பேட்டரி இறங்கினதும் இஞ்சின் தானா எழும், புகை உள்ளேயே தேங்கும்.