ஹன்னாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்?

லலிதா சித்தி: ஷ்லிங்க் எழுதிய 'தி ரீடர்' என்ற ஜெர்மன் நாவலை முடித்துவிட்டேன். சிறையிலிருந்து விடுதலையாகும் நாள் காலையில் ஹன்னா தூக்கு மாட்டிக்கொண்டாளே, பாவம்!

வித்யா: பாவமா? நாஜி முகாம் காவலாளியாக இருந்து, நூற்றுக்கணக்கான கைதிப் பெண்களைத் தேவாலயத்தில் பூட்டிவைத்து, குண்டு விழுந்து தீப்பிடித்தபோதும் கதவைத் திறக்காதவள், சித்தி. பிழைத்தது ஒரு தாயும் மகளும் மட்டும்.

லலிதா சித்தி: தெரியும்டி. ஆனால் வழக்கில் காட்டினார்களே, அந்தத் தீ பற்றிய அறிக்கை, அதை அவள் எழுதவில்லையே. எழுதத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "நான்தான் எழுதினேன்" என்று தலையைக் கொடுத்தாள். கூட இருந்தவர்களுக்குக் குறைந்த தண்டனை, இவளுக்கு ஆயுள்.

முரளி மாமா: எழுதவில்லை என்றால் தண்டனை குறைந்திருக்கும் லலிதா, குற்றம் போயிருக்காது. ஷ்லிங்க் சட்டப் பேராசிரியர், நீதிபதியாகவும் இருந்தவர். தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார். 1963-65ல் ஃப்ராங்ஃபர்ட்டில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாம் பற்றிய வழக்கு நடந்தபோது இதுதான் சிக்கல். முகாமில் வேலை பார்த்தான் என்பது போதாது, இன்ன கொலையை இன்னார் செய்தார் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். 20 பேருக்குத் தீர்ப்பு வந்தது, ஆறு பேருக்குத்தான் ஆயுள். ஃப்ரிட்ஸ் பவர் என்ற அரசு வழக்கறிஞர் விடாப்பிடியாக நின்றதால் அதாவது நடந்தது. அவரே நாஜிகளிடம் சிறைப்பட்ட யூதர். கதையிலும் பாருங்கள், ஒரு காகிதத்தை யார் எழுதினார் என்பதிலேயே நீதிமன்றம் மாட்டிக்கொள்கிறது. எரிந்த தேவாலயம் பின்னால் போய்விடுகிறது.

செந்தில்: இது எனக்குத் தோன்றவே இல்லை மாமா.

வித்யா: எனக்கு வேறு கோபம். பெர்லின் வான்ஸேயில் உட்கார்ந்து யூதர்களை ஒழிக்கத் திட்டம் போட்ட 15 பேரில் பாதிப் பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். அப்படிப்பட்ட நாட்டின் குற்றத்தைச் சொல்ல, எழுத்துத் தெரியாத ஒருத்திதான் கிடைத்தாளா? அமெரிக்க எழுத்தாளர் சிந்தியா ஓசிக்கும் இதைக் கேட்டிருக்கிறார்.

லலிதா சித்தி: சிறையில் படிக்கக் கற்றதும் முகாமிலிருந்து பிழைத்து வந்து எழுதிய பிரைமோ லெவி, எலி வீசல் என்று தேடித் தேடிப் படித்தாளே. அதைக் கணக்கில் எடுக்க மாட்டாயா?

வித்யா: எடுக்கிறேன். ஆனால் படிக்காமல் இருந்தபோது அந்தப் பெண்கள் கத்தியது காதில் விழவில்லையா?

செந்தில்: கதையைச் சொல்லும் மைக்கேலை, அவளுடைய பழைய காதலனை, எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அவளுக்கு எழுதத் தெரியாது என்ற உண்மை தெரிந்து நீதிபதியிடம் போனான், வாயைத் திறக்கவில்லை. வருடக்கணக்கில் புத்தகங்களைப் படித்துப் பதிந்த கேசட்டை அவளுக்குச் சிறைக்கு அனுப்பினான், ஒரு வரிக் கடிதம் கிடையாது.

வித்யா: அண்ணா, அவர்கள் பழக்கம் தொடங்கியபோது அவனுக்கு 15, அவளுக்கு 36. அதை நம்மில் யாருமே பேசவில்லை.

லலிதா சித்தி: அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டேன் 🙈 எனக்குப் பிடித்தவள் தேவாலயத் தீயில் பிழைத்து நியூயார்க்கில் இருக்கும் அந்த மகள். ஹன்னா விட்டுப்போன பணத்தை வாங்கினால் மன்னித்த மாதிரி ஆகிவிடும் என்று மறுத்தாளே!

செந்தில்: பணம் இருந்த தேநீர் டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டாள். பணம் யூத எழுத்தறிவு அமைப்புக்குப் போனது.

வித்யா: நன்றிக் கடிதம் ஹன்னா பெயருக்கு வந்தது! அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

முரளி மாமா: கோபம் வரட்டும் என்றுதான் எழுதியிருப்பார்.

வித்யா: எனக்குச் சந்தேகம்தான், மாமா.