பிரிஸ்பேனில் மழை, எங்கள் வீட்டில் தவிப்பு

மழை கெடுத்த ஆட்டம் என்றால் பலரும் 2019 உலகக் கோப்பையின் மான்செஸ்டர் அரையிறுதியைத்தான் சொல்வார்கள். எனக்கு 2021 ஜனவரி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பிரிஸ்பேன் டெஸ்ட்.

எங்களுக்கு ஜலகண்டாபுரம் பக்கம், தறிக்காரக் குடும்பம். பந்துவீச்சாளர் நடராஜனின் ஊரான சின்னப்பம்பட்டிக்கு வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரம்தான். வலைப் பயிற்சியில் பந்து போடப் போன நடராஜன், பும்ரா வரைக்கும் வரிசையாகக் காயம் பட்டதில், மாட்டுப் பொங்கலன்று டெஸ்டிலேயே இறங்கிவிட்டார். பொங்கலுக்குத் தறியை நிறுத்தியிருந்தோம். காலை ஐந்தரைக்கே வீடு முழுக்க டிவி முன்னால். முதலில் ஆஸ்திரேலியாவின் வேட் அவரிடம் விழுந்தார். அப்புறம் சதம் அடித்து நின்ற லபுஷேன் புல் ஷாட் ஆடப் போய், பந்து மட்டையின் மேல்விளிம்பில் பட்டு உயரக் கிளம்பியது. ரிஷப் பந்த் அதைப் பிடிக்கிற வரை யாரும் மூச்சு விடவில்லை.

மறுநாள் தேநீர் இடைவேளையில் இந்தியா 62-க்கு 2. அதோடு மழை பிடித்துக்கொண்டது. விட்ட பிறகும் மைதானம் காயவில்லை, கடைசி செஷன் அப்படியே போச்சு. பொட்டுப் பொட்டாக நீர் தேங்கிய தார்ப்பாயை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது!

நான்காம் நாள்தான் பெரிய சோதனை. இலக்கு 328, நாம் விக்கெட் இழக்காமல் 4, மறுபடி மழை.

"கொட்டட்டும்டா தம்பி. டிரா ஆனாலும் கோப்பை நம்மகிட்டதான் இருக்கும்" என்றார் பெரியப்பா.

கணக்கு சரிதான். தொடர் 1-1, போன முறை ஜெயித்ததும் நாம்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சிராஜ் ஐந்து, ஷர்துல் நான்கு என்று புதுப் பையன்கள் உயிரைக் கொடுத்து எடுத்த விக்கெட்டுகள் மழையோடு போகலாமா? ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு அதுவரை டெஸ்டில் தோற்காத மைதானம் அது. ஜெயிக்க வாய்ப்பு இருக்கும்போது டிராவுக்கு வேண்டிக்கொள்ளவே கூடாது என்பது என் கட்சி.

கடைசி நாள் ஆட்டம் முழுசாக நடந்தது. பந்த் 89 அவுட் இல்லை, மூன்று விக்கெட்டில் வெற்றி. கேப்டன் ரஹானே கோப்பையை வாங்கியதும் நடராஜன் கையில் கொடுத்தார்.

அந்த வாரமே அவரைச் சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். "வண்டிய எட்றா, போலாம்" என்று முதலில் கிளம்பியது பெரியப்பாதான்.