பனிமடுவை வரையக் கைகொடுத்தவர்கள்

கற்பனை ஊர்தானே, மனம் போனபடி வரையலாம் என்று சிலர் சொல்வார்கள். மலைப் பள்ளத்தாக்கில் ஒரு நகரத்தை வைத்துப் பாருங்கள், அந்தப் பேச்சு எடுபடாது. ஆறு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் அங்கே ஒரு தெருவைக்கூடப் போட முடியாது. திருகோணமலையில் கடலைப் பார்த்து வளர்ந்த என் அக்காவின் மகள் ‘பனிமடு’ என்றொரு நகரத்தை வரைந்து வருகிறாள். மூன்று பக்கமும் ஆறு வளைந்தோடும் பள்ளத்தாக்கு, நடுவில் ஒரு குளம், சுற்றிலும் மலை. கண்டியின் சாயல் இருக்கிறது. ஆனால் கண்டி அல்ல. அதற்கு உயிர் கொடுத்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊரிலேயே எதிர்ப்பட்ட மனிதர்கள்.

முதலாமவர் உவர்மலையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில் கார்ட். பதுளைப் பாதையில் நெடுங்காலம் வேலை செய்தவர். படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, “பிள்ளை, உன் ரயில் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது?” என்று கேட்டார். 300 அடி என்றாள். “மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால்தான் ஓர் அடி இறங்கலாம். அப்படியென்றால் உனக்கு 13,200 அடித் தண்டவாளம் வேண்டும். இரண்டரை மைல். அதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் இடம் எங்கே?” அவள் விழித்தாள். அவர் ஒரு தம்ளரைக் கவிழ்த்து, அதன் அருகில் இரண்டு புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்து, மேலே தீப்பெட்டியை வைத்தார். அதுதான் ஸ்டேஷன். அவளுடைய தலை ரிப்பனை வாங்கித் தீப்பெட்டியை ஒட்டிக் கொண்டுபோய், தம்ளரைச் சுற்றி இறக்கி, நுனியைப் புத்தகங்களுக்கு நடுவே நுழைத்து மறுபக்கம் இழுத்தார். பதுளைப் பாதையிலுள்ள தெமோதரையில் ரயில் இப்படித்தான் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது. பதுளைக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1924இல். சமவெளியில் இருக்கும் எங்கள் ஊருக்கு 1927இல்தான் வந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கமாட்டேன்.

ஆற்றின் கதையைத் தந்தவர் மூதூர்க் கடற்தொழிலாளி ஒருவர். “மலையில் மழை என்று வானொலி சொல்லத் தேவையில்லை. கொட்டியார்க்குடா கலங்கினால் எங்களுக்குத் தெரிந்துவிடும். மூங்கிலும் வரும், சில நேரம் வேரோடு மரமும் வரும்” என்றார். 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி கண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து கடைசியில் நம் குடாவில்தானே விழுகிறது. அதற்கு அப்பாலும் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று நீள்கிறது. இதைக் கேட்டபின் பனிமடுவின் ஆற்றுக்கும் ஒரு கழிமுகம் வந்தது, கழிமுகத்தில் ஒரு துறையும் வந்தது.

வரலாறும் அந்தத் துறை வழியாகவே உள்ளே ஏறியது. கண்டி அரசர்களுக்கு இந்தக் குடாவை ஒட்டிய கொட்டியாரம் ஒரு கடல்வாசல். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இங்கே பிடிபட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1679இல்தான் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அகலப் பாதை அமைக்காமல், கணவாய்களில் முள்வாசல் வைத்துக் காவல் காத்த அரசு அது. கரையோரம் முழுதும் அந்நியர் கைக்குப் போனபின்பும் கண்டி 1815வரை நின்றது என்றால் அந்த ஒற்றையடிப் பாதைகளுக்கும் அதில் பங்குண்டு. பனிமடுவின் பழைய வாசல்களையும் இப்போது முள் காக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, திருமணம் முடித்து இங்கே வந்த அக்கா ஒருவர். காலையில் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், அடுப்புப் புகை கூரைக்குமேல் சற்று எழும்பி, பிறகு மேலே போகாமல் பாய் விரித்ததுபோல் படுத்துக்கிடக்கும் என்றார். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே வெப்பமான காற்று மூடியாகிவிடுகிறது. வாகனப் புகைக்கும் இதே கதிதான். பஸ் நிலையத்தைப் பள்ளத்தின் அடியிலிருந்து கணவாய் வாசலுக்கு மாற்றச் சொன்னவர் அவரே.

பிறகு அவருடைய விரல் சரிவின் கீழே வரிசையாக வரைந்திருந்த லயங்களில் வந்து நின்றது. “இதை எடுத்துவிடு கண்ணம்மா” என்றார். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைச் சொன்னார். நிலத்தில் வெடிப்பு ஓடும், மரங்கள் சாயும், தெளிந்திருந்த ஊற்று திடீரென்று கலங்கி வரும்; இதையெல்லாம் பார்த்தால் பாத்திரம் பண்டம் எடுக்க நிற்காமல் ஓடவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கற்பனை ஊரில்கூட அந்தச் சனங்களை ஆபத்தின் அடியில் குடிவைக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

சரிவு இப்போது காடாகிவிட்டது. ஆற்று வெள்ளம் எட்டாத மேட்டில் தனித்தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் காணி உறுதி உண்டு என்று படத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள். பஸ் இன்னும் அங்கே போகவில்லை. பாதையை எந்தப் பக்கத்தால் ஏற்றுவது என்றுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். ரயிலைப்போல் அல்லாமல் பஸ் கொண்டைஊசி வளைவுகளில் ஏறிவிடும், ஆனால் மலையை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் மழைநீர் வடிய வழி விட்டாகவேண்டும்.