இலைக்காசு பாக்கி: போனில் இருப்பது கோர்ட்டில் நிற்குமா?

கோத்தகிரி இலைக்காரன்:
கட்டபெட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஐந்து மாதம் இலை எடுத்த ஏஜென்ட் 86,400 ரூபாய் தராமல் இழுத்தடிக்கிறார். எடைச் சீட்டுகளில் பாதி என் சட்டைப்பையிலேயே மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. மிச்சமிருப்பது வாட்ஸ்அப்பில் அவர் போட்ட ஒரு வரி: ‘86,400 சரிதான் அண்ணா, பொங்கலுக்குள் முடித்துவிடுகிறேன்.’ போனிலும் அதையே சொன்னார். அவருக்குத் தெரியாமல் பதிந்து வைத்திருக்கிறேன். அது குற்றமா? பதிவின் கடைசியில் நான் அவரைக் கொஞ்சம் திட்டியிருக்கிறேன். அந்த இடத்தை வெட்டிவிடலாமா? போன் திரை வேறு உடைந்துவிட்டது. கடையில் 1,500 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்கிறார்களாம்.

குன்னூர் குமாஸ்தா:
முதலில் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். உங்கள் வழக்கே அந்த உடைந்த போன்தான். நீங்களே கூண்டேறி, ‘இது என் போன், இதில் வந்த செய்தி’ என்று சொல்லி அசலை நீட்டினால் மின்னணுச் சாட்சிக்கான தனிச் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அச்செடுத்த தாளோ பென்டிரைவோ கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். முன்பு அதைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்போம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு. படிவத்தில் நீங்கள் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். அதைக் கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
நீங்கள் பேசிய பேச்சை நீங்களே பதிந்தது பிரச்சினையில்லை. டேப் ரிக்கார்டர் காலத்திலேயே மல்கானி வழக்கில் அப்படிப்பட்ட பதிவை ஏற்றிருக்கிறார்கள். ஆனால் ஒரு நொடியையும் வெட்டாதீர்கள். வெட்டினால் கைரேகை மாறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். திட்டு இருந்தால் இருக்கட்டும், நீதிபதி கேட்காத திட்டா?

ஊட்டி கேரட்:
நான் பட்டது: மண்டிக்காரரின் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பழைய போனை விற்றுவிட்டேன். ‘இது என் எண்ணே இல்லை’ என்று கையை விரித்துவிட்டார். குரல் அவருடையதுதான் என்று சொல்ல, அவரோடு பழகிய ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி தானாக மறையும் வசதியை அவர் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள், அண்ணா.

குன்னூர் குமாஸ்தா:
கேரட் தம்பி சொல்வது சரி. இன்னொன்று, விற்ற பொருளுக்கான பாக்கி கேட்க மூன்று ஆண்டுதான் கெடு. பொங்கல் பொங்கல் என்று காத்திருக்காதீர்கள். கூழான சீட்டுகளையும் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

கோத்தகிரி இலைக்காரன்:
நன்றி ஐயா. மறையும் வசதி போடவில்லை, பார்த்துவிட்டேன். போன் பீரோவில் இருக்கிறது. பதிவை வெட்டாமல் வீட்டுக்காரியிடம் போட்டுக் காட்டினேன். நான் திட்டியது போதாது என்கிறாள்.