‘ஜூடோபியா’ படத்தின் துப்பறியும் கதையைச் சிறு பிள்ளைகளால் பின்தொடர முடியுமா?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் எங்கள் குடியிருப்பில் கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் திரை கட்டிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவது வழக்கம். இந்த முறை டிஸ்னி நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘ஜூடோபியா’வைப் போடலாம் என்று பெரிய பிள்ளைகள் கேட்கிறார்கள். வருபவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு, ஆறாம் வகுப்பை முடித்த பிள்ளையும் உண்டு. பாதிப் பேருக்கு ஆங்கில வசனம் ஓடுகிற வேகத்தில் பிடிபடாது.

பேசும் விலங்குகள் வரும் வேடிக்கைப் படம் என்று எண்ணித்தான் நானும் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் இது, காணாமற்போன பதினான்கு பேரைத் தேடிச் செல்லும் முழுமையான துப்பறியும் கதை. முயல் இனத்திலிருந்து முதன்முதலாகக் காவல்துறையில் சேர்ந்த ஜூடிக்கு 48 மணி நேரக் கெடு விதிக்கப்படுகிறது. அவள் நிக் என்ற நரியை மிரட்டித் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறாள். ஒரு துப்பிலிருந்து அடுத்த துப்புக்கு நகர்ந்துகொண்டே போகிறார்கள். இந்தச் சங்கிலியை ஆறு வயதுக் குழந்தை பிடித்துக்கொள்ளுமா? சிறுத்தை போன்ற ஜாகுவார் வெறிபிடித்துத் துரத்தும் காட்சியில் சிறியவர்கள் பயந்துவிடுவார்களா? குற்றவாளி யார் என்பதை முன்னதாகவே சொல்லிவிட்டால் பயம் குறையும் என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்; அது சரியா? பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இதற்குக் கீழே படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கண்ணங்குறிச்சிக்காரர்

அம்மா, குற்றவாளி யாரென்று தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். துப்பறியும் படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. இக்கதையைப் பிள்ளைகளால் பின்தொடர முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனெனில் இதில் துப்புகள் பெரும்பாலும் பேச்சில் இல்லை, கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களில் இருக்கின்றன.

காணாமற்போன நீர்நாய் ஆட்டர்டனின் புகைப்படத்தில் அவர் கையில் ஒரு குச்சி ஐஸ் இருக்கிறது. அந்த ஐஸ் யாருடைய சரக்கு என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். யானையின் கடையில் வாங்கிய மிகப் பெரிய குச்சி ஐஸை உருக்கி, பனிப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் சிறு சிறு அச்சுகளில் உறையவைத்து, லெம்மிங் என்ற சிறு கொறித்துண்ணிகளுக்கு விற்று, அவை தின்றுவிட்டுப் போட்ட குச்சிகளையும் எலிகளுக்குக் கட்டுமான மரமாகத் தள்ளிவிடும் நிக்கின் வியாபாரத்தைச் சற்று முன்புதான் பார்த்தோம். (செவ்வாய்ப்பேட்டை வணிகர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியிருக்காது.) நிக்கைப் பிடித்தால், விலங்குகள் ஆடையின்றி இளைப்பாறும் ஒரு விடுதிக்கு வழி கிடைக்கிறது, அங்கே நினைவாற்றலுக்குப் பெயர்பெற்ற யானைக்கு ஒன்றும் நினைவில்லை, தனக்கு எதுவுமே நினைவிருக்காது என்று சொல்லிக்கொள்ளும் யாக் எருதோ வண்டி எண் வரை ஒப்பிக்கிறது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகம் போனால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் யுகம் கழிக்கும் ஸ்லோத் உட்கார்ந்திருக்கிறது; இந்த இடத்தில் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் சிரிப்பார்கள். எண்ணுக்குரிய காரின் உட்புறமெங்கும் நகக் கீறல்கள். காரின் சொந்தக்காரர் நிழலுலகத் தலைவர். சுற்றிலும் பனிக்கரடிகளை அடியாட்களாக வைத்திருக்கும் அவரோ ஒரு மூஞ்சூறு. புகைப்படம், ஐஸ், வண்டி எண், கீறல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் விரலால் சுட்டிக் காட்டக்கூடிய ஒன்று இருப்பதால், வசனம் பாதி நழுவினாலும் கதை நழுவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊருக்குத் துப்பறியும் படம் புதிதல்ல. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்ற படமாக எடுத்தது. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த நிறுவனத்தின் நுழைவு வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்பியார்தான் நினைவுக்கு வருவார். அதில் அவர் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றித் துப்பறிவார். எந்த வேடத்தில் வந்தாலும் உள்ளே இருப்பவர் யாரென்று நமக்குத் தெரியும், எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியாது. ‘ஜூடோபியா’ வேறு வகை. ஜூடிக்குத் தெரிவதற்கு மேல் நமக்கும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆகவே அவள் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம்.

அந்த ஏமாற்றமும் நேர்மையாகவே செய்யப்பட்டிருக்கிறது. துணை மேயரான செம்மறியாடு பெல்வெதர்தான் குற்றவாளி. வழக்கு ஜூடியின் கையைவிட்டு நழுவ இருந்த நேரத்தில் வாசலில் வந்து நின்று, அது அவளுக்கே கிடைக்கும்படி செய்தவரும் அவர்தான். போக்குவரத்துக் கேமரா பதிவுகளைத் திறந்து காட்டியவரும் அவர்தான். எல்லாம் நம் கண்முன் நடந்தவை. மேயர் சிங்கம் அவரை ஓயாமல் விரட்டுவதைப் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டிருந்ததால் நாம் சந்தேகிக்கவில்லை. காணாமற்போனவர்களை வெறிபிடிக்க வைத்த மலர்க் கிழங்கும் அப்படியே. வீசல் இனத்துத் திருடன் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிய கிழங்குகளை வெங்காயம் என்று மேலதிகாரி தள்ளிவிடுகிறார். அவை வெங்காயமல்ல என்று விவசாயக் குடும்பத்துப் பெண்ணான ஜூடி அப்போதே சொல்லிவிடுகிறாள். காணாமற்போன நீர்நாயின் தொழிலோ பூ வியாபாரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் பாதிப் படத்திலேயே நமக்கு விடை தெரிந்திருக்கும்.

பதில்: ஏற்காடு ஆசிரியை

நான் ஏற்காட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தாம் என் வகுப்பில் பெரும்பான்மை. இப்படத்தை அவர்களுக்குக் காட்டியிருப்பதால், பயம் பற்றிய பகுதிக்கு மட்டும் சொல்கிறேன்.

ஜாகுவார் துரத்தும் காட்சியில் சிறியவர்கள் நிச்சயம் பயப்படுவார்கள். மூடுபனி, இருட்டு, தொங்கு பாலம், திடீரென நான்கு காலில் பாய்ந்து வரும் உருவம் என்று எல்லாமே அங்கு இருக்கின்றன. ஆனால் ஒலியைக் குறைத்து, பெரியவர் ஒருவர் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டால் அதைக் கடந்துவிடலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கினால் எப்படி விலகிப்போவது என்று தெரியும். அவர்களுக்கே அந்த ஜாகுவார் காட்சி பிடிக்கவில்லை, ஆனால் எருமையான காவல்துறைத் தலைவர் போகோ எவ்வளவு சீறினாலும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தொடக்கத்தில், ஜூடி சிறுமியாக இருக்கும்போது நரிப் பையன் ஒருவன் அவள் கன்னத்தில் நகத்தால் கீறும் காட்சி சில நொடிகளே வருகிறது. என் வகுப்பில் அதிகம் பேசப்பட்டது அதுதான். கற்பனை நகரத்து ஜாகுவாரைவிட, தன்னைவிடப் பெரிய பையனிடம் அடி வாங்குவது அவர்களுக்குத் தெரிந்த விஷயம் அல்லவா!

ஆடையில்லா விடுதிக் காட்சியில் பெற்றோர் நெளிவார்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் தோன்றாது. எந்த விலங்கும் நிஜத்தில் உடுத்துவதில்லை.

படம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். இடைவேளையை எங்கே விடுகிறீர்கள் என்பது முக்கியம். வெறிபிடித்த விலங்குகள் அடைக்கப்பட்டிருக்கும் இடம் கண்டுபிடிக்கப்பட்டு, மேயர் கைதானதும் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், சிறியவர்கள் படம் முடிந்தது என்று எழுந்து ஓடிவிடுவார்கள். அடுத்து வரும் பத்திரிகையாளர் கூட்டத்தையும் காட்டிவிட்டு நிறுத்துங்கள். வெறிபிடித்தவை அனைத்தும் ஊனுண்ணிகள், காரணம் அவற்றின் பிறவிக் குணமாக இருக்கலாம் என்று ஜூடி மேடையில் சொல்கிறாள். கீழே நிற்கும் நிக்கின் முகம் மாறுகிறது. அவன் அவளிடம், என்னைக் கண்டும் உனக்குப் பயமா என்று கேட்டுக் கையை ஓங்குவதுபோல் பாவனை செய்யும்போது, அவள் கை தன்னையறியாமல் இடுப்பில் உள்ள நரி விரட்டும் தெளிப்பானுக்குப் போகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, ‘ஜூடி செய்தது சரியா?’ என்று மட்டும் கேளுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

பதில்: அம்மாபேட்டை வாசகர்

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பிறப்பை வைத்து யாரையும் இழிவாக எண்ணக் கூடாது என்பதைச் சொல்ல இப்படத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் உடனே சாதியோடு பொருத்திப் பார்ப்பார்கள். ஆனால் படத்தின் உவமை அங்கே தாங்காது. அந்த உலகத்தில் ஊனுண்ணிகள் ஒரு காலத்தில் உண்மையாகவே முயலையும் ஆட்டையும் கொன்று தின்றவை. படமே பள்ளி நாடகக் காட்சியில் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆகவே முயலின் பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்மீது காட்டப்படும் வெறுப்புக்கு அப்படிப்பட்ட காரணம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டையும் சமமாக வைத்தால், ‘முன்பு ஏதோ செய்திருப்பார்கள் போலும்’ என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் விழுந்துவிடாதா? இதைவிட, எந்தப் பாடமும் சொல்லாமல் வெறும் துப்பறியும் கதையாகக் காட்டிவிட்டுப் போவது மேல்.

பதில்: கண்ணங்குறிச்சிக்காரர்

அம்மாபேட்டை ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சாதியோடு நேர்க்கோடு போட்டு விளக்குவது தவறான பாதையில் கொண்டுபோய்விடும். ஆனால் துப்பறியும் கதையையும் அந்தச் சந்தேகத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இப்படத்தில் மர்மம் கட்டப்பட்டிருப்பதே அந்தச் சந்தேகத்தின்மேல்தான். தயாரிப்பின் பிற்பகுதி வரை நிக்தான் கதைநாயகனாக இருந்தான், ஊனுண்ணிகள் எல்லாம் மின்னதிர்ச்சி தரும் பட்டையைக் கழுத்தில் அணிந்திருந்தன என்று படக்குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். அப்படியே எடுத்திருந்தால் அநீதி முதல் காட்சியிலேயே வெளிப்படையாகத் தெரிந்திருக்கும், கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஜூடியை முன்னால் கொண்டுவந்ததால், நல்லவளான துப்பறிவாளரே தவறான விடையை ஊருக்குச் சொல்லிவிடுகிறாள். வழக்கின் உண்மையான விடையைத் தடுத்து நிற்பது அவளுடைய சொந்த எண்ணமே.

நம் பிள்ளைகள் இதில் இன்னும் எளிதாகச் சிக்குவார்கள் என்பது என் கணிப்பு. வடை சுட்ட பாட்டி கதையைக் கேட்காத குழந்தை உண்டா? நரி என்றால் ஏமாற்றும், காக்கையின் வாயிலிருந்து வடையைப் பறிக்கும் என்று பேசப் பழகுவதற்குள் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். திருவிளையாடலில் நரிகள் பரிகளாகி அரண்மனைக்கு வந்து, இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறியதையும் சிலர் கேட்டிருப்பார்கள். எனவே நிக் எப்போது காலை வாருவான் என்று இறுதிவரை காத்திருப்பார்கள். அருங்காட்சியகத்தில் அவன் உறுமிக்கொண்டு ஜூடியின் கழுத்தை நோக்கிப் பாயும்போது, ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும். அடுத்த நொடி அது நாடகம் என்றும், பெல்வெதர் அவனைச் சுட்ட துப்பாக்கியில் அந்தக் கிழங்கின் நச்சு உருண்டைகளுக்குப் பதில் அவுரிநெல்லிப் பழங்கள் இருந்தன என்றும் தெரியவரும். குற்றவாளியை முன்பே சொல்லிவிட்டால் இழப்பது இதைத்தான்.

பிறவிக் குணம் என்ற வாதத்தைப் படம் எப்படி உடைக்கிறது என்பதையும் ஐயா கவனிக்க வேண்டும். அறிவுரையால் உடைக்கவில்லை, ஒரு சாட்சியத்தால் உடைக்கிறது. அந்தக் கிழங்கைத் தின்ற முயல் உறவினர் ஒருவரும் வெறிபிடித்துக் கடித்தார் என்று ஜூடியின் பெற்றோர் பேச்சுவாக்கில் சொல்கிறார்கள். முயலுக்கும் வெறி பிடிக்குமானால் ஊனுண்ணி என்பது காரணமாக இருக்க முடியாது. எட்டு வயதுப் பிள்ளை அந்தத் தர்க்கத்தைத் தானே சொல்லிவிடும். அதற்குச் சாதியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

பதில்: அம்மாபேட்டை வாசகர்

முயல் உறவினர் பற்றிய குறிப்பை நான் சிரிப்புக்கென்று வைத்ததாகவே எண்ணியிருந்தேன். அந்த அளவில் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அப்பாவியாகத் தெரிந்த செம்மறியாட்டைக் குற்றவாளியாக்கியது, ஒரு சந்தேகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்ததுபோல்தான் எனக்குப் படுகிறது. நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கினர் தாவர உண்ணிகள், பயத்தைக் காட்டியே அவர்களை ஆளலாம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கைப் பெரிய பிள்ளைகளிடம் பேசலாம், சிறியவர்களுக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டி வாசகி

மூவருக்கும் நன்றி. முடிவைச் சொல்லாமல், பத்திரிகையாளர் கூட்டத்துக்குப் பின் இடைவேளை விடுவதாக ஏற்பாடு செய்திருக்கிறோம். பெரிய பிள்ளைகள் இருவர் முன்வரிசையில் அமர்ந்து சிறியவர்களுக்கு வசனத்தைத் தமிழில் சொல்வார்கள். ஒரே ஒரு கூடுதல் கேள்வி: 2025இல் வந்த இரண்டாம் பாகத்தையும் அன்றே காட்டச் சொல்லி நச்சரிக்கிறார்கள். காட்டலாமா?

பதில்: ஏற்காடு ஆசிரியை

ஒரே மாலையில் வேண்டாம். முதல் படத்தின் நகரத்தில் பாலூட்டிகள் மட்டுமே வாழ்கின்றன. ஊர்வன எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் பாகத்தின் வழக்கு அங்கேதான் பிறக்கிறது, நகரத்துக்குள் ஒரு பாம்பு வருவதிலிருந்து. ஒரு வாரம் இடைவெளி விட்டு, பாம்பு ஏன் அந்த ஊரில் இல்லை என்று பிள்ளைகளையே ஊகிக்கச் சொல்லுங்கள். இடையில் ஒரு நாள் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போகவும் அவகாசம் கிடைக்கும். வசனம் சொல்லும் பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: அவர்கள் படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள், செம்மறியாடு முதன்முறை திரையில் வரும்போது வாயைத் திறக்கக் கூடாது.