காணிப் பாடத்தில் நின்றுபோன படிப்பும் கிளாக்கர் ஐயாவும்

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டுவரை போய், ஓரிரு பாடங்கள் மிச்சமிருக்க ஊரோடு தங்கிவிட்டவர்கள் திருகோணமலையில் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

எனக்குக் கஷ்டகாலம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் இருந்த அறையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். திரும்ப அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஒருவழியாகப் போய்ப் படிப்பைப் பிடித்துக்கொண்டபோது 2020 மார்ச்சில் ஊரடங்கு. அப்புறம் பரீட்சை வாரத்திலேயே டெங்கு. 2022இல் அப்பாவுக்கு மாரடைப்பு. அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓர் ஓட்டோ பிடிப்பதே பெரும்பாடு. அந்த நிலையிலும் எழுதினேன். மற்றப் பாடங்கள் கிடைத்தன, காணி சம்பந்தப்பட்ட பாடம் மட்டும் தவறியது. அடுத்த தடவை அதை எழுதப் போன இரவு ரயில் கல் ஓயாவுக்கு அப்பால் யானையில் மோதி நின்றுவிட்டது. கோட்டை நிலையத்தில் நான் இறங்கியபோது புதுக்கடையில் பரீட்சை தொடங்கி வெகுநேரமாகியிருந்தது. அந்த யானைக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன்.

“இந்தப் பிள்ளைக்கு ராசி இல்லை” என்று சொந்தக்காரர் பேசத் தொடங்கினார்கள். அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். அந்த நேர்த்தியை நான் சின்னதாக நினைக்கவில்லை. வீட்டில் ஒருவராவது நம்பிக்கையை விடாமல் இருந்தது அதனால்தான்.

கிளாக்கர் ஐயாவைச் சந்தித்தது அம்மாவின் காணி அலுவலாகக் காணிப் பதிவகத்துக்குப் போன இடத்தில். வாழ்நாள் முழுக்க காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் வேலை செய்தவர். சட்டத்தரணியை இன்னும் ‘பிரக்கிராசி’ என்றே சொல்லுவார். நான் என்ன படிக்கிறேன், எதில் நிற்கிறேன் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பின்னேரம் வீட்டுப் பக்கம் வாங்கோ பிள்ளை” என்றார்.

போனபோது பழைய உறுதிகளின் நகல்களை விறாந்தையில் பரப்பி வைத்திருந்தார். பெயர் வருகிற இடமெல்லாம் கடதாசித் துண்டு ஒட்டி மறைத்திருந்தது. “சட்டத்தைப் பாடமாக்கினது போதும். இந்தக் காணி இப்ப ஆருடையது எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்றார்.

தம்பலகாமப் பக்கத்து வயல் அது. தகப்பன் இறந்தபின் நாலு பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாத பங்கு. மூன்று பேர் 1990இல் இடம்பெயர்ந்துவிட்டார்கள், நின்ற ஒருவர் வயலைச் செய்துவந்து பிறகு முழுவதையும் விற்றிருக்கிறார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமையாளரின் உரிமைக்கு எதிரிடையாகப் பத்து வருடம் இடையூறில்லாமல் ஆட்சி செய்தவர் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம் என்கிறது. நின்றவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆட்சி இருக்கிறது. ஆனால் கொறயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் கோமறைக் கழகம், அதாவது லண்டனில் இருந்த அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றம், 1911இல் சொன்னது என்ன? ஒரு பங்காளியின் ஆட்சி மற்றப் பங்காளிகளுடைய ஆட்சியும்தான். அவர்களை வெளியேற்றியதாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயல் ஏதாவது இருந்தாலொழிய வருடங்களை எண்ணிப் பயனில்லை. அதற்கு மேல் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. போரினால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கும் சட்டம் அது. நாலு பிள்ளைகளின் பெயரைப் படமாகக் கீறி, யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று எழுதியதும் வழக்குச் சட்டமும் பிரிவுகளும் தானாக இடம்பிடித்துக்கொண்டன.

எங்கள் மாவட்டத்தில் இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. 2004 சுனாமியில் உறுதியைத் தொலைத்தவர்களும், 2006இல் சம்பூரிலிருந்து கையில் கிடைத்ததோடு ஓடியவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். மூலப்பத்திரம் தொலைந்தால் நகலை எப்போது ஏற்கலாம் என்கிற சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 65ஆம் பிரிவும், முப்பது வருடப் பழைய ஆவணம் பற்றிய 90ஆம் பிரிவும் அவர்களுக்கு வீடு சம்பந்தப்பட்ட விஷயம். அதை உணர்ந்த பிறகு எனக்குப் படிப்பில் அலுப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே நிரந்தரமாகக் குடியேறியவருக்குத் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை தொடருமா என்று ஐயாவோடு ஒரு மாலை முழுக்க வாதாடியிருக்கிறேன்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிரமம், சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பது. தீர்ப்பின் சம்பவத்தை மட்டும் முதலில் நாலு வரித் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு தீர்ப்பை வாசித்தேன். எனக்கு அது நன்றாக உதவியது.

கடைசியாகப் போனபோது ரயிலை நம்பவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே ஹபரணை, தம்புள்ளை வழியாகப் பஸ்ஸில் போய் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். பங்குக் காணி பற்றிய கேள்வி வந்தது. வினாத்தாளின் ஓரத்தில் குடும்பப் படத்தைக் கீறிவிட்டுத்தான் விடையைத் தொடங்கினேன். பெறுபேறு வந்த அன்று அம்மா நேராகக் கோயிலுக்குப் போனார், நான் ஐயா வீட்டுக்குப் போனேன். “சரி, இனி ஆறு மாதம் நல்ல ஒரு சீனியரிட்டப் பழகுங்கோ” என்றார். பயிலுநர் காலத்தையே அப்படிச் சொன்னார். அதையும் முடித்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த விறாந்தையிலேயே சட்டம் படிக்கிற மற்றப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். கடதாசித் துண்டு ஒட்டிய அதே நகல்கள்தான். முஸ்லிம் சட்டத்துக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு சட்டத்தரணி வருகிறார். மூதூர்ப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் மத்தியானம் இரண்டு மணிக்கே தொடங்கிவிடுகிறோம்.