புதுப்பிப்பு: யூஎஸ்பி செருகினதும் வந்த 'அனுமதி இல்லை' பிழை, காரணம் பிடிபட்டது

லினக்ஸில் யூஎஸ்பி சீரியல் கருவியைச் செருகினதும் என் புரோகிராமுக்குத் தகவல் வருகிறது, திறக்கப் போனால் சில சமயம் 'அனுமதி இல்லை' என்கிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா?

கருவி அறிவிப்புகளை வர வரக் காட்டும் 'யுடெவ்அட்ம் மானிட்டர்' கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். ஒரே செருகலுக்கு 'கெர்னல்' (லினக்ஸின் மையப் பகுதி) என்று ஒரு வரி, சற்றுப் பின்னால் 'யுடெவ்' (கருவிகளின் பெயர், உரிமைகளை அமைக்கும் பின்னணிச் சேவை) என்று இன்னொன்று. அந்த இடைவெளியில்தான் சிக்கல்! லினக்ஸ் கெர்னல் நெட்லிங்க் சாக்கெட்டில் (கெர்னலும் புரோகிராம்களும் பேசிக்கொள்ளும் வழி) குழு 1-க்கு அனுப்புவதை நான் நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கருவிக் கோப்பு (கருவியோடு பேச புரோகிராம் திறக்கும் கோப்பு) ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக் கணக்குக்கு, மட்டுமே திறக்கும். யுடெவ் தன் விதிகளை ஓட்டி, உரிமையை மாற்றிய பிறகே குழு 2-இல் மறுபடி அறிவிக்கிறது.

இப்போது லிப்யுடெவ் என்ற நிரல் நூலகம் வழியாக இரண்டாவது அறிவிப்பைக் கேட்கிறேன். பிழை போய்விட்டது. ஒப்புக்குப் போட்டிருந்த அரை நொடி காத்திருப்பையும் ('ஸ்லீப்') எடுத்துவிட்டேன், அதுதான் பெரிய நிம்மதி.

ஏற்கெனவே செருகியிருந்த கருவிகளுக்கு: முதலில் அறிவிப்புகளைக் கேட்கும் மானிட்டரைத் தொடங்குங்கள், பிறகு இருக்கும் கருவிகளின் பட்டியல் எடுங்கள். மாற்றிச் செய்தால் நடுவில் செருகும் கருவி தவறிவிடும்.